வாசிக்கையில் பன்னிரண்டு வயது, எழுதுகையில் ஆறு

கேள்வி: பினாங்கு பாயான் பாருவில் இருக்கிறோம். மகளுக்கு ஏழு வயது ஆகப்போகிறது. நாலு வயதிலேயே தானாக ஆங்கிலம் வாசிக்கத் தொடங்கினாள். இப்போது பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் படிக்கும் தடித்த கதைப் புத்தகத்தை இரண்டே நாளில் முடித்துவிடுகிறாள். எழுதச் சொன்னால் மட்டும் இரண்டு வரியோடு பென்சிலைப் போட்டுவிட்டு அழுகை. எழுத்துப்பிழையும் நிறைய. வீட்டில் பேசுவது தமிழ்தான். ஆனால் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறாள். அவளை வீட்டிலேயே படிக்கவைப்பது என்று நானும் கணவரும் முடிவு செய்துவிட்டோம். மாமியாருக்கு இதில் சம்மதமில்லை. ஆங்கிலத்துக்கு எந்தப் பாடத்திட்டம் வாங்குவது? அமெரிக்காவிலிருந்து வரும் நான்காம் வகுப்பு முழுப்பெட்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். தபால் செலவோடு இரண்டாயிரம் வெள்ளியை (மலேசிய ரிங்கிட்டை) தாண்டுகிறது. பிரேவ் ரைட்டர், மைக்கேல் கிளே தாம்சன் என்று வேறு இரண்டு பெயர்களும் அடிக்கடி காதில் விழுகின்றன. எதை வாங்கலாம், எந்த வகுப்பிலிருந்து தொடங்கலாம்?
- பெயர் வேண்டாம், பாயான் பாரு

பதில்: வணக்கம் அம்மா.

அந்தப் பெட்டியை வாங்காதீர்கள். நான்காம் வகுப்புக்கு உரியது மட்டுமல்ல, முதல் வகுப்புக்கு உரியதும் வேண்டாம். பெட்டியின் தரத்தில் குறை சொல்ல வரவில்லை. வாசிப்பு, இலக்கணம், எழுத்துக்கூட்டல், கையெழுத்து, கட்டுரை எல்லாவற்றையும் ஒரே வகுப்பு எண்ணில் கட்டி விற்கிறார்கள். உங்கள் மகளோ ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வயதில் நிற்கிறாள். நான்காம் வகுப்புப் பெட்டி வந்தால் அதிலுள்ள கதைகளை ஊதித் தள்ளிவிடுவாள். அதே வாரம் அந்தப் பெட்டி ஒரு முழுப் பத்தி எழுது, திருத்தி மறுபடி எழுது என்று கேட்கும். ஒன்பது, பத்து வயதுக் கைக்கு வைத்த வேலை அது. முதல் வகுப்புப் பெட்டியோ நாலு வயதில் அவள் தாண்டிவந்த சொற்களைத் திரும்ப வாசிக்கச் சொல்லும். ஒன்றில் அழுவாள், மற்றதில் கொட்டாவி விடுவாள்.

இரண்டு வரியோடு பென்சிலைப் போடும் ஏழு வயதுப் பிள்ளை பின்தங்கிய பிள்ளை அல்ல. அவள் கை அவள் வயதில்தான் இருக்கிறது. வாசிப்பு மட்டும் முன்னால் ஓடிவிட்டது. சீக்கிரம் வாசிக்கத் தொடங்கும் பிள்ளைகளிடம் இது சாதாரணமாகக் காணக்கூடியது. ஆகவே எந்த வகுப்பு என்ற கேள்வியையே விட்டுவிடுங்கள். எந்தத் திறனுக்குக் காசு செலவழிக்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்று மட்டும் பார்ப்போம்.

வாசிப்புக்கு ஒரு காசும் வேண்டாம். தானாக ஓடுகிற பிள்ளைக்கு வாசிப்புப் பாடநூல் வாங்கிக் கொடுத்து, அத்தியாயத்துக்கு அத்தியாயம் பத்து கேள்விக்குப் பதில் எழுது என்றால், அவளுக்குப் பிடித்த ஒன்றையும் வீட்டுவேலையாக்கிவிடுவோம். ஆனால் ஒன்றைச் சோதித்துக்கொள்ளுங்கள். 1986-இல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள்: எழுத்தைச் சொல்லாக்கும் திறனை மொழியைப் புரிந்துகொள்ளும் திறனால் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிதல். கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். வேகமாக வாசிக்கிற பிள்ளைகளில் சிலர் முதல் பாதியில் மட்டும் கெட்டிக்காரர்களாக இருப்பார்கள். கதையின் பரபரப்பு அவர்களை இழுத்துக்கொண்டு போகும், நடுவில் இருபது சொல் புரியாவிட்டாலும் நிற்க மாட்டார்கள்.

சோதிப்பது எளிது. அவள் ஏற்கெனவே படிக்காத புத்தகத்தில் ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, என்ன நடந்தது என்று அவள் வாயால் சொல்லட்டும். பிறகு அந்தப் பக்கத்தில் எழுதியிருக்காத ஒன்றைக் கேளுங்கள்: அந்தப் பையன் ஏன் பொய் சொன்னான்? அம்மாவுக்கு அது தெரிந்திருக்குமா? பதிலைத் தமிழில் சொன்னாலும் சரிதான். காரணத்தோடு சொல்கிறாள் என்றால் நிம்மதியாக இருங்கள். பக்கம் பக்கமாக வாசித்தும் எதையுமே சொல்ல முடியவில்லை, சாதாரணப் பேச்சிலும் கேள்வி பதில் பிடிபடவில்லை என்றால் பாடத்திட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அப்படிப்பட்ட அறிகுறி எதையும் நான் பார்க்கவில்லை. இருந்தாலும் நேரில் பார்க்காத பிள்ளையைப் பற்றி உறுதி சொல்ல மாட்டேன்.

புத்தகம் தேர்ந்தெடுப்பதில் இன்னொரு குழி உண்டு. லெக்சைல் என்று ஒரு எண் போட்டு நூல்களை வரிசைப்படுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த எண் வாக்கியத்தின் நீளத்தையும் சொற்கள் எவ்வளவு புழக்கத்தில் உள்ளவை என்பதையும் வைத்துப் போடப்படுகிறது. கதை எதைப் பற்றியது என்பது அதற்குத் தெரியாது. சிறுவர் நகைச்சுவை நூல் சிலவற்றுக்கு இருக்கும் எண்ணைவிட, பெரியவர்கள் படிக்கும் போர்க்கால நாவல் சிலவற்றுக்குக் குறைந்த எண் இருப்பதைப் பார்க்கலாம். அவளால் வாசிக்க முடிகிறது என்பதற்காகப் பதின்ம வயதினரின் காதலும் வன்முறையும் வரும் புத்தகத்தை ஏழு வயதில் கையில் கொடுக்க வேண்டியதில்லை. வாசிக்கத் தீனி போதவில்லை என்றால் நான் அறிவியல், விலங்குகள், கப்பல், வரலாறு பக்கம் திருப்புவேன். சொல் கடினமாக இருக்கும், பொருள் வயதுக்குப் பாதகமில்லாமல் இருக்கும். கிரீன் லேனில் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலை ஒட்டிய டிஜிட்டல் நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள். தேசிய நூலகத்தின் யூ-புஸ்தகாவில் உறுப்பினராகி மின்னூல் இரவல் வாங்கலாம். பிக் பேட் வுல்ஃப் மலிவுப் புத்தக விற்பனை பினாங்குப் பக்கம் வந்தால் பெரிய பையோடு போங்கள். அந்த இரண்டாயிரம் வெள்ளியில் ஒரு பகுதிக்கு அது நல்ல செலவு.

இனி எழுத்து. உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான்.

ஒரு வாக்கியம் எழுத ஒரு பிள்ளை எத்தனை வேலை செய்ய வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். என்ன சொல்வது என்று நினைக்க வேண்டும். அதை வாக்கியமாக அமைக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் எழுத்துக் கூட்ட வேண்டும். விரல் எழுத்தின் வடிவத்தைப் போட வேண்டும். இத்தனைக்கும் நடுவில் நினைத்த வாக்கியம் மறந்துபோகாமல் இருக்க வேண்டும். சாதாரணப் பிள்ளை சின்ன வாக்கியம் நினைப்பாள், சின்ன வாக்கியம் எழுதுவாள். உங்கள் மகள் நாவல் படித்துப் பழகியவள். மனதில் வருவது நான்கு வரி நீளும் வாக்கியம். கை அதை இறக்கி முடிப்பதற்குள் பாதி தொலைந்துவிடும். தான் நினைத்தது என்ன, தாளில் இருப்பது என்ன என்று ஒப்பிட்டுப் பார்க்கிற அறிவும் அவளுக்கு இருக்கிறது. அழாமல் என்ன செய்வாள்?

மருந்து, இந்த வேலைகளைப் பிரிப்பது. அவள் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். கதையோ, பூச்சி பற்றிய குறிப்போ, தைப்பூசத்தன்று வெள்ளி ரதம் வரும்போது தெருவில் தேங்காய் உடைத்ததோ, அவள் சொல்லும் சொல்லிலேயே, திருத்தாமல் எழுதிக்கொடுங்கள். இது ஏமாற்று வேலை ஆகாது. கட்டுரை கட்டும் வேலையை அவள்தான் செய்கிறாள். நீங்கள் வெறும் எழுத்தர். இன்னொரு நேரத்தில், இதோடு சேர்க்காமல், கைக்குத் தனிப் பயிற்சி: நல்ல வாக்கியம் ஒன்றைப் பார்த்து அழகாக எழுதுவது. பத்து நிமிடம். ஒரு வாக்கியம் போதும், அது ஒழுங்காக இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்ட பிரேவ் ரைட்டர் இந்த முதல் பாதியில் பெயர் எடுத்தது. அதில் ஐந்து முதல் எட்டு வயதுக்கான ஜாட் இட் டவுன் என்ற கையேட்டின் அடிப்படையே பிள்ளை சொல்ல, பெற்றோர் எழுதுவதுதான். பி.டி.எஃப். ஆக வருவதால் தபால் செலவும் இல்லை. ஆனால் அது தாராளமான, கட்டில்லாத முறை. இன்று என்ன செய்ய வேண்டும் என்று யாராவது எழுதிக் கொடுத்தால்தான் வேலை நடக்கும் என்ற சுபாவம் உங்களுக்கு இருந்தால், இரண்டே வாரத்தில் அலமாரிக்குப் போய்விடும். நான் உங்களுக்குச் சொல்வது சூசன் வைஸ் பாயரின் ரைட்டிங் வித் ஈஸ். பார்த்தெழுதுதல், வாய்மொழியாகத் திருப்பிச் சொல்லுதல், அடுத்த நிலையில் சொல்வதெழுதுதல். இவ்வளவுதான் அதன் சரக்கு. வாரத்துக்கு நான்கு நாள், ஒரு நிலைக்கு 36 வாரம். தமிழ்ப்பள்ளியில் படித்த யாருக்கும் சொல்வதெழுதுதல் புதிதல்ல. அதையே அளவாக, காரணத்தோடு செய்கிறார்கள். பயிற்சி நூல்களை வாங்காமல், முறையை விளக்கும் ஆசிரியர் நூலை மட்டும் வாங்குங்கள். எடுத்தெழுத வேண்டிய வாக்கியங்களை மகள் அந்த வாரம் படிக்கும் புத்தகத்திலிருந்தே நீங்கள் பொறுக்கிக்கொள்ளலாம். பயிற்சி நூலில் வரும் பகுதிகளை அவள் எளிது என்று தள்ளும் சிக்கலும் தீர்ந்துவிடும்.

இரண்டையும் சேர்த்து வாங்க வேண்டாம். நம்மவர்களுக்கு இது ஒரு வியாதி. ஒரு பாடத்துக்கு மூன்று நூல் வாங்கி, மூன்றையும் முடிக்க வேண்டும் என்று பிள்ளையை விரட்டுவது.

எழுத்துப்பிழை பற்றிப் பதற வேண்டாம். ஆனால் அலட்சியமும் கூடாது. இவ்வளவு படிக்கிறவள் எப்படித் தப்பாக எழுதுகிறாள் என்று வீட்டில் கேட்பார்கள். வாசிக்கும்போது கண்முன் இருக்கும் சொல்லை அடையாளம் கண்டால் போதும். எழுதும்போது ஒவ்வொரு எழுத்தையும் நினைவிலிருந்து எடுக்க வேண்டும். தானாக வாசிக்கக் கற்ற பிள்ளைகளுக்கு ஆங்கில ஒலிகளின் விதிகளை யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவும் மாட்டார்கள். இதற்கு மட்டும் ஒழுங்கான ஒரு திட்டம் வாங்குவது நல்லது. ஆல் அபௌட் ஸ்பெல்லிங் ஏழு நிலைகள் கொண்டது; எழுத்துச் சில்லுகளை நகர்த்திச் சொல்லைக் கட்டுவதால் கை வலிக்காது. முதல் நிலையிலிருந்தே தொடங்குங்கள். பெரிய புத்தகம் படிக்கிறவளுக்கு முதல் நிலையா என்று தயங்க வேண்டாம். தெரிந்த பாடத்தை ஒரே நாளில் கடந்துபோவாள், தெரியாத விதி வந்ததும் தானாக வேகம் குறையும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இது அமெரிக்கச் சரக்கு, எழுத்துக்கூட்டலும் அமெரிக்க வழி. நம் நாட்டுப் பள்ளிகளும் கேம்பிரிட்ஜ் தேர்வுகளும் பிரிட்டிஷ் வழியில் போகின்றன. கலர், சென்டர் போன்ற சொற்கள் வரும்போது நம் வழியைச் சொல்லிக்கொடுத்துவிட்டு நகருங்கள்.

மைக்கேல் கிளே தாம்சனின் இலக்கணத் தொடரைக் கேட்டிருந்தீர்கள். எனக்குப் பிடித்த தொடர். சீக்கிரம் வாசிக்கும் பிள்ளைகளுக்காகவே செய்ததுபோல் இருக்கும். தாயும் பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்து கதைபோல வாசித்துப் போகலாம், தொடக்கத்தில் எழுதும் வேலை மிகக் குறைவு. ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு சொல்வகை, வாக்கிய உறுப்பு, சொற்றொடர், உட்பிரிவு என்று நான்கு அடுக்காகப் பிரித்துப் பார்க்கிறார்கள். முதல் நூல் கிரம்மர் ஐலண்ட். அதே நிலையில் வாக்கியம் எழுதுதல், சொல்வளம், கவிதை என்று உடன்பிறப்புகள் உண்டு. சேர்த்து வாங்கினால் பெட்டியின் விலைக்கே வந்துவிடும். இப்போதே எதையும் வாங்காதீர்கள். எழுத்து அழுகை அடங்கட்டும். பிறகு கிரம்மர் ஐலண்டை மட்டும் தனியாக வாங்கி, அவளுக்குச் சுவைக்கிறதா என்று பார்த்து மேலே போகலாம்.

இவை எல்லாவற்றிலும் தமிழ் எங்கே? உங்கள் கேள்வி ஆங்கிலத்தைப் பற்றியது என்று தெரிகிறது. ஆனால் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை தமிழை எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள் என்று நீங்களே ஒரு வரி எழுதிவிட்டீர்கள். அந்த வரியைத் தாண்டிப்போக எனக்கு மனமில்லை. தமிழ்ப்பள்ளிக்குப் போகிற பிள்ளைக்குத் தமிழ் பள்ளியிலேயே கிடைத்துவிடும். வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு நீங்கள் வைத்தால்தான் உண்டு. ஆங்கிலத்தில் இவ்வளவு முன்னால் ஓடுகிறவளுக்குத் தமிழில் தடுமாறுவது வெட்கமாக இருக்கும்; வெட்கம் வந்தால் ஒதுக்கிவிடுவாள். இன்னும் இரண்டு ஆண்டில் ஆங்கிலப் புத்தகத்துக்கும் தமிழ்ப் புத்தகத்துக்கும் நடுவே உள்ள தூரம் தாண்ட முடியாததாகத் தோன்றும். இப்போது அவளுக்கு எழுத்துகள் தெரியும், பேச்சு தெரியும். குறைவது வாசித்த மணிநேரம் மட்டும்.

இதற்கு நான் சொல்வது, தினமும் இருபது நிமிடம், ஆங்கிலத்துக்கு முன்னால். களைத்த பிறகு தமிழ் என்று வைத்தால் அது தண்டனையாகிவிடும். ஒரு சின்னக் கதையை நீங்கள் விரல் வைத்து வாசியுங்கள். அவள் கண் தொடரட்டும். பிறகு அதே பக்கத்தை அவள் வாசிக்கட்டும். அவளுக்குத் தெரிந்த கதையாக இருந்தால் இன்னும் நல்லது, பொருளைத் தேட வேண்டியிருக்காது. ஆத்திசூடி நான்கு நான்கு வரியாக மனனம் செய்யட்டும். தமிழ்ப்பள்ளி ஆண்டு 1 பிள்ளைகள் அதில்தான் தொடங்குகிறார்கள். வரி சின்னது, வாயில் நிற்கும், வாரத்துக்கு ஒரு வரியை நோட்டில் பார்த்தெழுதினால் கைப்பயிற்சியும் ஆகிவிடும். லகர, ளகர, ழகரமும் னகர, ணகரமும் சொல்வதெழுதுதலில்தான் நேராகும், வேறு குறுக்கு வழி எனக்குத் தெரியாது.

மாமியாரை இதற்குள் கொண்டுவாருங்கள். சம்மதமில்லாதவரைச் சும்மா உட்காரவைத்தால் எதிர்ப்பு வளரும். வேலை கொடுத்தால் பங்காளியாகிவிடுவார். அவர் சிறுவயதில் பார்த்ததை, எஸ்டேட்டோ பட்டணமோ, பேத்திக்குத் தமிழில் சொல்லட்டும். பேத்தி அதை உங்களிடம் திருப்பிச் சொல்ல, நீங்கள் தமிழில் எழுதுங்கள். பத்து கதை சேர்ந்தால் அதுவே அவளுடைய முதல் தமிழ் வாசிப்பு நூல். எந்தக் கடையிலும் கிடைக்காத பாடநூல், அதில் வரும் ஒவ்வொரு சொல்லும் அவள் காதால் கேட்ட சொல்.

மாமியாரின் கவலையில் நியாயமான பாதி ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் என் தொழிலுக்கு அழகில்லை. கல்விச் சட்டம் 1996-இன் 29ஏ பிரிவுப்படி ஆறு ஆண்டுத் தொடக்கக் கல்வி 2003 முதல் கட்டாயம். ஆண்டு 1-க்கு உரிய வயது வந்த பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. விலக்கு அளிக்கும் அதிகாரம் அமைச்சரிடம். நாலு பேர் சும்மாதானே நடத்துகிறார்கள், நாமும் நடத்தலாம் என்று எண்ணாதீர்கள். முதலில் பினாங்கு மாநிலக் கல்வி இலாகாவுக்குப் போய் உங்கள் நிலைமையைச் சொல்லி, விண்ணப்பத்துக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டு வாருங்கள். விலக்கு கிடைக்காவிட்டால் வானம் இடிந்துவிடாது. பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்துவிட்டு, மேலே நான் சொன்ன ஆங்கிலத் திட்டத்தை மாலையில் முக்கால் மணி நேரம் நடத்தலாம். உண்மையைச் சொன்னால், உங்கள் மகளின் தமிழைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஏற்பாடு மோசமாகத் தோன்றவில்லை.

வீட்டிலேயேதான் என்று முடிவானால் மலாய்மொழிக்கும் இன்றே ஒரு இடம் ஒதுக்குங்கள். அமெரிக்கப் பெட்டி எதிலும் அது இருக்காது. நாளை இடைநிலைப்பள்ளி முடிவில் வரும் அரசுத் தேர்வான எஸ்.பி.எம். எழுத நினைத்தால் மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி இல்லாமல் சான்றிதழ் கிடையாது. கேம்பிரிட்ஜின் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வு எழுதினாலும் அரசாங்க வேலை, அரசுப் பல்கலைக்கழகம் என்று வரும்போது மலாய் கேட்பார்கள். வாரம் மூன்று நாள், ஒரு கதைப் புத்தகம், ஒரு உரையாடல் என்று தொடங்கினால் போதும்.

ஆக, இந்த மாதம் நீங்கள் வாங்க வேண்டியது இரண்டு: ரைட்டிங் வித் ஈஸின் ஆசிரியர் நூல், ஆல் அபௌட் ஸ்பெல்லிங் முதல் நிலை. நோட்டு இரண்டு, ஒன்று அவள் சொல்ல நீங்கள் எழுத, இன்னொன்று அவள் பார்த்தெழுத. மொத்தப் பாடமும் காலையில் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. மீதி நேரம் அவள் புத்தகத்தோடு கிடக்கட்டும். மூன்று மாதம் கழித்து இரண்டு நோட்டிலிருந்தும் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள். கிரம்மர் ஐலண்டுக்கு நேரம் வந்துவிட்டதா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.